ஆங்கிலேயக் கிராமத்து மாளிகை ஹோட்டல்: ஓர் இரவு தங்கினால் போதுமா?

கேள்வி | 2025 பிப்ரவரி 2

எங்கள் 25ஆவது திருமண நாளுக்கு, லண்டனுக்கு வெளியே ஒரு பழைய மாளிகை ஹோட்டலில் ஓர் இரவு தங்க ஏற்பாடு செய்து தருவதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். இரவுக்கு 420 பவுண்ட். அந்தப் பணத்துக்கு லண்டன் நடுவிலேயே நல்ல ஐந்து நட்சத்திர ஹோட்டல் கிடைக்கும். இங்கோ லிஃப்ட் இல்லை, அருகில் கடை கண்ணி இல்லை, நடக்கும்போது தரை கிறீச்சிடும் என்கிறார்கள். பணத்தை வீணடிப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. தங்கி அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில் | பிப்ரவரி 2, இரவு

ஓர் இரவு என்றால் வேண்டாம். லண்டனிலேயே தங்குங்கள்.

அறைச் சாவி பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்குத்தான் கைக்கு வரும். மறுநாள் காலை 11 மணிக்குக் காலி செய்ய வேண்டும். இந்த மாதத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. பெட்டியை வைத்துவிட்டு ஒரு தேநீர் குடித்து நிமிர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. இரவு உணவு, உறக்கம், காலை உணவு, பில். மாளிகையைப் பார்க்காமலேயே மாளிகையில் தங்கிவிட்டு வருவீர்கள். இரண்டு இரவு தங்குவதாக இருந்தால் மட்டும் மேலே பேசலாம்.

பிப்ரவரி 3

நேற்று அவசரமாக எழுதினேன். இன்று பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஹோட்டல்களை லண்டன் ஹோட்டல்களோடு ஒப்பிடும் இடத்திலேயே கணக்கு தவறிவிடுகிறது.

லண்டன் ஹோட்டல் விருந்தினருக்காகக் கட்டியது. இவை குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள். வேறு வழியில்லாமல் ஹோட்டல் ஆனவை. அந்த 'வேறு வழியில்லாமல்' என்பதைப் புரிந்துகொண்டால் லிஃப்ட் ஏன் இல்லை, அறைகள் ஏன் ஒன்றுபோல் இல்லை, பில் ஏன் அவ்வளவு என்பதெல்லாம் தானாக விளங்கும்.

இந்த வீடுகளை நிற்கவைத்தது சுற்றியிருந்த நிலம். குத்தகைக்காரர்கள் விவசாயம் செய்து கொடுத்த வாடகையில்தான் கூரை பழுதுபார்க்கப்பட்டது, வேலைக்காரர்களுக்குச் சம்பளம் போனது. 1870களின் இறுதியில் அமெரிக்கப் புல்வெளிகளிலிருந்து மலிவான கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. இங்கிலாந்தில் தானிய விலை விழுந்தது, குத்தகை வருமானமும் விழுந்தது. அது மீள்வதற்குள் 1894இல் வாரிசுச் சொத்து வரி வந்தது. தொடக்கத்தில் மிகப் பெரிய சொத்துகளுக்கே 8 சதவீதம்தான். 1919இல் அது 40 சதவீதம், 1949இல் 80 சதவீதம். நடுவில் முதல் உலகப் போர். தந்தை இறந்து வரி கட்டி, அடுத்த ஆண்டே மகன் போர்முனையில் விழுந்தால் நிலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். இரண்டாம் போரில் ராணுவமும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் இந்த வீடுகளை எடுத்துக்கொண்டன. திரும்பக் கிடைத்தபோது பல வீடுகள் குடியிருக்கும் நிலையில் இல்லை.

பிறகு இடிக்க ஆரம்பித்தார்கள். 1955இல் ஐந்து நாளுக்கு ஒரு மாளிகை வீதம் இடிந்தது என்று கணக்குச் சொல்வார்கள். ஈயக் கூரையை எடைக்குப் போட்டார்கள், படிக்கட்டைப் பெயர்த்து விற்றார்கள், மீதியை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1974இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் இந்த அழிவை மட்டுமே பொருளாக வைத்து ஒரு கண்காட்சி நடத்திய பிறகுதான் பொதுமக்களுக்கு உறைத்தது.

தப்பியவை எப்படித் தப்பின? சில, பழைய இடங்களைக் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டிடம் போயின. சில பள்ளிகளாயின. சில ஹோட்டல்களாயின. லேக் டிஸ்ட்ரிக்டில் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் இருந்த 'ஷாரோ பே'யைத்தான் இந்த வகை ஹோட்டல்களின் முன்னோடி என்பார்கள். 1940களின் இறுதியில் பிரான்சிஸ் கோல்சன் என்பவர் தொடங்கினார். 1952இல் பிரையன் சாக் சேர்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கவனிப்பது போலக் கவனிப்பதுதான் அவர்களுடைய முறை. இன்றும் நல்ல இடங்களில் வரவேற்பு மேசை என்று ஒன்று கண்ணில் படாது. கூடத்தில் கணப்பு எரிந்துகொண்டிருக்கும், யாராவது எழுந்து வந்து பெட்டியை வாங்கிக்கொள்வார்கள்.

ஆகவே 420 பவுண்டில் ஒரு பங்கு உங்கள் கட்டிலுக்கு, ஒரு பங்கு அந்தக் கூரைக்கு. இதை ஏற்க மனமில்லாதவர்கள் போக வேண்டாம். எனக்கு மனம் இருக்கிறது.

பிப்ரவரி 3, மாலை

லிஃப்ட் பற்றி மறுபடியும் கேட்டிருக்கிறார்கள். நான் பழைய கட்டடங்களில் கொதிகலன், குழாய், வெப்பமூட்டும் அமைப்பு ஆகியவற்றைப் பார்க்கும் வேலையில் இருப்பவன். அனுபவத்தில் சொல்கிறேன்.

இந்த வீடுகள் அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவை. முதல் தரப் பட்டியலில் இருப்பவை பட்டியலிலுள்ள எல்லாக் கட்டடங்களிலும் சுமார் 2.5 சதவீதம்தான். இவற்றில் கட்டடத்தின் தன்மையைத் தொடும் எந்த மாற்றத்துக்கும் உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். 300 ஆண்டு பழைய சுண்ணச்சாந்து மேற்கூரையை வெட்டி லிஃப்ட் குழி இறக்க யாரும் எளிதில் அனுமதி தரமாட்டார்கள். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடுவதற்கே மாதக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் முன்பதிவு செய்யும்போதே தரைத்தளத்தில் அறை கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டாவது வைத்திருப்பார்கள்.

குளிர் பற்றியும் ஒரு வார்த்தை. ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் என்றதும் பயப்பட வேண்டாம். ஜன்னலின் இரு பக்கச் சுவரையும் கவனியுங்கள். மரப்பலகை பதித்த அலங்காரம் போலத் தெரியும். ஓரத்தில் ஒரு சிறு பித்தளைக் குமிழ் இருக்கும், அதைப் பிடித்து இழுங்கள். மடிந்து கிடந்த மரக்கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்து கண்ணாடி முழுவதையும் மூடும். நடுவில் ஓர் இரும்புப் பட்டை, அதைச் சுழற்றி மறுபக்கக் கொக்கியில் மாட்டினால் முடிந்தது. அதன்மேல் திரையையும் இழுத்துவிட்டால் அறை கதகதவென்று இருக்கும். விருந்தினர் பலர் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் ஹீட்டர் கேட்டு இரவு முழுவதும் தொலைபேசியை அழுத்துகிறார்கள்.

பிப்ரவரி 5

அறையைத் தேர்ந்தெடுப்பது. பணம் இங்கேதான் வீணாகிறது.

இணையதளத்தில் மாளிகையின் முகப்புப் படம் பெரிதாக இருக்கும். ஆனால் அறைகளில் பாதி, சில இடங்களில் பாதிக்கும் மேல், மாளிகைக்குள் இருக்காது. குதிரை லாயம், வண்டிக் கொட்டகை, தோட்டக்காரர் குடியிருப்பு ஆகியவற்றை மாற்றிக் கட்டியவையாக இருக்கும். அவை மோசமான அறைகள் அல்ல. சொல்லப்போனால் அங்கேதான் குளியலறை பெரிது, தண்ணீர் அழுத்தம் நன்று, வெந்நீர் உடனே வரும். குழந்தைகளோடும் நாயோடும் போகிறவர்களுக்கு அதுவே வசதி. ஆனால் நீங்கள் 25ஆவது திருமண நாளுக்குப் போகிறீர்கள். மாளிகையில் தங்கத்தானே போகிறீர்கள்?

நானும் என் மனைவியும் ஓர் இடத்தில் 'மாளிகை அறை' என்று எழுதியிருந்ததை நம்பிப் பதிவு செய்து போனோம். முற்றத்தைத் தாண்டி, கார் நிறுத்துமிடத்தையும் தாண்டி, லாயத்தின் கோடியில் ஓர் அறையைத் திறந்துவிட்டார்கள். 'மாளிகை' என்பது அவர்களைப் பொறுத்தவரை வளாகம் முழுவதற்குமான பெயராம். மழை பெய்துகொண்டிருந்தது. இரவு உணவுக்குப் பட்டுப்புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு குடையின் கீழ் அவள் நடந்து வந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. மேலாளர் மன்னிப்புக் கேட்டார், அறையை மாற்றித் தரவில்லை.

அதனால் மின்னஞ்சலில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்: "அறை முதன்மை வீட்டுக்குள் இருக்கிறதா? எந்த மாடி? ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது?" மூன்றுக்கும் பதில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

இன்னொன்று. முதல் மாடியில் இருப்பவைதான் குடும்பத்தாரும் விருந்தாளிகளும் உறங்கிய பெரிய அறைகள். அதற்கும் மேலே, கூரையை ஒட்டிய அறைகள் பெரும்பாலும் வேலைக்காரர்கள் படுத்தவை. கூரை சாய்வாக இருக்கும், ஜன்னல் சிறியதாக இருக்கும், விலையும் குறைவு. எனக்கு அந்த அறைகள் பிடிக்கும். தோட்டம் முழுவதும் அங்கிருந்துதான் ஒரே பார்வையில் தெரியும். உயரமானவர்கள் மட்டும் குளியலறைக்குள் நுழையும்போது தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 6

"எந்த மாளிகை என்று பெயர் சொல்லாமல் சுற்றி வளைக்கிறீர்களே" என்று ஒருவர் கடிந்துகொண்டார். சரி, பெயரோடு பேசுவோம்.

பக்கிங்ஹாம்ஷையரில், ஐல்ஸ்பரி நகருக்கு அருகே ஹார்ட்வெல் ஹவுஸ். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு நாடு நாடாக அலைந்த பதினெட்டாம் லூயி 1809 முதல் 1814 வரை இங்கேதான் அடைக்கலம் புகுந்திருந்தார். வாடகை வீடுதான். கூடவே நூற்றுக்கும் மேற்பட்ட பரிவாரம். பெரிய அறைகளைத் தடுத்துச் சிறு அறைகளாக்கினார்கள், கூரைமேல் கோழி வளர்த்தார்கள், காய்கறி போட்டார்கள். அரசி மரி ஜோசபின் 1810இல் இந்த வீட்டிலேயே இறந்தார். நெப்போலியன் வீழ்ந்தபின் பிரான்சின் அரியணையை ஏற்கும் ஆவணத்தில் லூயி கையெழுத்திட்டது இங்குள்ள நூலகத்தில்தான். அந்த நூலகத்தில் உட்கார்ந்து காபி குடிக்கலாம், யாரும் எழுந்திருக்கச் சொல்லமாட்டார்கள். அருங்காட்சியகத்தில் கயிறு கட்டி எட்டி நிற்க வைத்திருப்பார்கள். இதற்குத்தான் நான் பணம் கொடுக்கிறேன்.

இந்த வீடும், யார்க் நகருக்கு வெளியே உள்ள மிடில்தார்ப் ஹாலும், வேல்ஸில் உள்ள போடிஸ்கலன் ஹாலும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. 2008இல் மூன்றையும் நேஷனல் டிரஸ்டுக்கு நன்கொடையாகவே கொடுத்துவிட்டார்கள். விடுதி நடத்திச் சம்பாதித்தவர்கள் அதையே பொதுச்சொத்தாக்கிப் போனார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

அடுத்து கிளிவ்டன். தேம்ஸ் நதிக்கு மேலே மேட்டில் நிற்கிறது. பாடிங்டனிலிருந்து ரயில் ஏறி டாப்லோவில் இறங்கினால் பக்கம். இப்போது நிற்பது மூன்றாவது வீடு. முதல் வீடு 1795இல் எரிந்தது, அடுத்தது 1849இல் எரிந்தது. பிறகு கட்டியவர் சார்லஸ் பேரி, லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்தவர். 1893இல் அமெரிக்கக் கோடீஸ்வரர் வில்லியம் வால்டார்ஃப் ஆஸ்டர் வாங்கினார், 1906இல் மகனுக்குத் திருமணப் பரிசாகக் கொடுத்தார். மருமகள் நான்சி ஆஸ்டர்தான் 1919இல் பிரிட்டிஷ் மக்களவையில் அமர்ந்த முதல் பெண் உறுப்பினர். 1961 ஜூலையில் இங்குள்ள நீச்சல் குளத்தருகே அமைச்சர் புரோஃபியூமோ கிறிஸ்டின் கீலர் என்ற இளம்பெண்ணைச் சந்தித்ததும், அந்தத் தொடர்பைப் பற்றி நாடாளுமன்றத்தில் சொன்ன பொய் வெளிப்பட்டு 1963இல் அவர் பதவி விலகியதும் பலருக்குத் தெரிந்த கதை. கேள்வி கேட்டவர் குளத்தின் அளவைப் பற்றித்தான் அடுத்து கேட்பார் என்று நினைக்கிறேன். அளவு போதும், அது பார்த்த வரலாறு அதிகம்.

அங்கே எனக்குப் பிடித்தது மணிக்கூண்டு. பொன்முலாம் பூசிய சிலை உச்சியில் நிற்கும், நூறடி உயரம். பார்க்க அலங்காரம்தான். உள்ளே இருப்பது தண்ணீர்த் தொட்டி! வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் இறங்குவதற்காகக் கட்டிய கோபுரத்துக்கு இத்தனை ஒப்பனை. என் தொழிலில் உள்ளவர்களுக்கு இதைப் பார்த்தால் நெஞ்சு நிறையும்.

பிப்ரவரி 6, இரவு

கிளிவ்டனைப் பற்றி விட்டுப்போனது. தோட்டம் நேஷனல் டிரஸ்டுடையது, பகலில் பொதுமக்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். "அப்படியானால் கூட்டத்தில்தானே இருக்க வேண்டும்" என்று நினைக்க வேண்டாம். மாலையில் வாயிற்கதவு மூடிய பிறகு அங்கே இருப்பவர்கள் தங்கியிருக்கும் விருந்தினர் மட்டும்தான். ஜூன் மாதத்தில் ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். நதிப்பக்கம் இறங்கும் தோட்டம் முழுவதும் ஆளில்லாமல் உங்களுடையதாக இருக்கும். இரண்டு இரவு என்று நான் அடித்துச் சொல்வது இந்த மாலைகளுக்காகவும்தான்.

பிப்ரவரி 9

சாப்பாடு. சைவம் கிடைக்குமா என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள்.

கிடைக்கும். பத்து ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் காளான் ரிசோட்டோ என்று ஒற்றைப் பதிலோடு முடிந்திருக்கும். இப்போது சைவத்துக்கென்றே முழு வரிசையும் தனி அட்டையில் தருகிறார்கள். முன்னதாகச் சொல்லிவிடுவது முக்கியம். சமையல்காரர் காலையில் தோட்டத்தில் பறித்ததை வைத்துத் திட்டமிடுவார், இரவு எட்டு மணிக்கு மேசையில் உட்கார்ந்துகொண்டு 'முட்டையும் வேண்டாம்' என்றால் அவரால் என்ன செய்ய முடியும்? ஒவ்வாமை உண்டு என்றால் தயங்காமல் கேளுங்கள். 14 வகை ஒவ்வாமைப் பொருள்கள் எந்த உணவில் உள்ளன என்று சொல்வது இங்கே சட்டப்படி கட்டாயம்.

முறை கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும். நேரே சாப்பாட்டு மேசைக்கு அழைத்துப் போகமாட்டார்கள். வரவேற்பறை சோபாவில் உட்காரவைத்து, குடிக்க ஏதாவது கொடுத்து, உணவுப் பட்டியலையும் அங்கேயே நீட்டுவார்கள். கொறிக்கச் சிறு சிறு பண்டங்கள் வரும். நீங்கள் சொன்னது சமையலறையில் தயாராகும் நேரத்தில்தான் மேசைக்கு அழைப்பு. மறந்துவிட்டார்களோ என்று பதறாதீர்கள். வீட்டு விருந்தில் நடப்பது அப்படியே தொடர்கிறது.

சமையல் தோட்டத்தைத் தவறவிடாதீர்கள். பல மாளிகைகளில் நாலு பக்கமும் ஆள் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு சுவர் எழுப்பி உள்ளே காய்கறியும் பழமும் வளர்த்திருப்பார்கள். சுவர் திருட்டைத் தடுக்க மட்டும் இல்லை. தெற்கு பார்த்த செங்கல் பகலில் வெயிலை வாங்கி இரவில் மெல்ல விடுகிறது. இந்தக் குளிர் நாட்டில் பீச்சும் அத்தியும் பழுப்பது அந்த வெதுவெதுப்பில். ஓர் இடத்தில் அப்படியொரு சுவரின் அருகே போய் நின்று பார்த்தேன். செங்கல் இணைப்புகளில் விரற்கடை இடைவெளி விட்டு ஆணித் துளைகள், சிலவற்றில் துருப்பிடித்த ஆணியே மிச்சமிருந்தது. கிளைகளைத் துணிப் பட்டையால் சுற்றிச் சுவரோடு சேர்த்து அடித்த ஆணிகள். ஆண்டுதோறும் கிளை நீள நீள ஆணி பிடுங்கி வேறிடத்தில் அடித்திருக்கிறார்கள். எத்தனை தலைமுறைத் தோட்டக்காரர்களின் கை! மாளிகையின் உரிமையாளர் படம் கூடத்தில் தொங்குகிறது. இவர்களுக்கு இந்தத் துளைகள்தான் படம்.

தோட்டத்துக்காகவே போவதானால் சசெக்ஸில் உள்ள கிரேவ்டை மேனர். 1598இல் கட்டிய வீடு. 1880களில் வில்லியம் ராபின்சன் என்ற தோட்டக்கலைஞர் வாங்கி, 1935இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். விக்டோரியா காலத்தில் பூச்செடிகளைக் கம்பளம் விரித்தது போல் நேர்கோடு போட்டு நட்டு, பருவம் முடிந்ததும் பிடுங்கிப் போடும் பழக்கம் இருந்தது. அதை எதிர்த்து வாழ்நாள் முழுவதும் எழுதியவர் அவர். செடி தன் இயல்பில் புல்லோடும் மரத்தோடும் கலந்து வளரட்டும் என்றார். இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கும் இயற்கைப்போக்கான தோட்டங்களுக்கு அவர் ஒரு மூலவர். அங்குள்ள சமையல் தோட்டம் சதுரமல்ல, நீள்வட்டம். அங்கே விளைவது அன்றிரவு உங்கள் தட்டுக்கு வருகிறது. 1958 முதல் ஹோட்டல்.

பிப்ரவரி 10

வார நாட்களில் போகச் சொன்னால் "வேலைக்குப் போகிறவர்கள் எப்படிப் போவது" என்கிறார்கள். நியாயம்தான். யோசித்துப் பார்த்ததில் இதுதான் சரியென்று தோன்றுகிறது: ஞாயிறும் திங்களும். சனிக்கிழமை மாளிகைகளில் கல்யாணம் நடக்கும். தங்கியிருப்பவர்கள் கல்யாண வீட்டுக்கு வந்த அந்நியர்கள்போல் ஓரமாக ஒதுங்க வேண்டும். நள்ளிரவு வரை பாட்டு. ஞாயிறு மதியத்துக்குமேல் கூட்டம் கலைந்துவிடும், விலையும் இறங்கிவிடும். திங்கள், செவ்வாய் இரண்டு நாள் விடுப்புப் போட்டால் போதும்.

சனிக்கிழமைதான் முடியும் என்பவர்கள், அன்று கல்யாணம் உண்டா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். கேட்காமல் அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

பிப்ரவரி 12

கேள்வி கேட்டவர் பக்கத்திலிருந்து நல்ல சேதி. ஓர் இரவை இரண்டாக்கி, மே மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்களாம். மே முதல் வாரம் என்றால் காடுகளில் நீலமணிப் பூக்கள் தரையெல்லாம் விரிந்திருக்கும். வாழ்த்துகள்.

அவருடைய துணைக் கேள்விகளுக்கு ஒரேயடியாகப் பதில்: கோட்டும் டையும் இப்போது அநேகமாக எங்கும் கட்டாயமில்லை. ஜீன்ஸும் ஓட்டக் காலணியும் இரவு உணவுக்கு வேண்டாம். வேட்டி சட்டையில் போகலாமா என்கிறார். தாராளமாக. பட்டுவேட்டியைவிட மரியாதையான உடையை அந்த மாளிகை பார்த்திருக்குமா என்ன? நடைக்கு ரப்பர் பூட்ஸ் வாசலருகே வரிசையாக வைத்திருப்பார்கள், உங்கள் அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

புல்வெளியில் நடக்கும்போது ஒன்று. வீட்டிலிருந்து பார்த்தால் புல்வெளி தடையில்லாமல் மாடு மேயும் மேய்ச்சல் நிலம் வரை போவதாகத் தெரியும். நடுவில் வேலி தெரியாது. ஆனால் மாடு வீட்டுப்பக்கம் வராது. ஏனென்றால் இடையில் ஒரு பள்ளம் வெட்டி, வீட்டுப்பக்கம் செங்குத்துச் சுவரும் மறுபக்கம் சரிவுமாக அமைத்திருப்பார்கள். 18ஆம் நூற்றாண்டின் அருமையான ஏற்பாடு. அந்தி நேரத்தில் குழந்தைகள் ஓடினால் விழுவார்கள். பெரியவர்களும் விழுந்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 13

சேவைக் கட்டணம். பில்லில் 12.5 சதவீதம் 'விருப்பத்தின் பேரில்' என்று சேர்த்திருப்பார்கள். எடுக்கச் சொன்னால் எடுத்துவிட வேண்டும், வாதாட வேண்டியதில்லை. ஆனால் எடுக்கச் சொல்லாதீர்கள். 2024 அக்டோபர் 1 முதல் அமலான சட்டப்படி அந்தப் பணம் முழுவதும் ஊழியர்களுக்கே போய்ச் சேர வேண்டும், முதலாளி பிடித்தம் செய்யக் கூடாது. கிராமப்புறத்தில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் ஹோட்டலின் பின்கட்டு அறையில் தங்கி வேலை செய்கிற இளைஞர்கள் அவர்கள். உங்கள் பெயரை முதல் நாளே மனப்பாடம் செய்துவைத்து அழைப்பவர்களும் அவர்கள்தான். நான் கூடுதலாகவும் கொடுப்பேன்.

பிப்ரவரி 16

தூத்துக்குடிக்காரர் ஒருவர் காட்டமாகக் கேட்டிருந்தார்: "இந்த மாளிகைகளெல்லாம் நம்மைச் சுரண்டிய பணத்தில் கட்டியவைதானே, அங்கே போய்ப் பெருமையாகத் தங்குவதா?"

எல்லாம் அல்ல. சில நிச்சயமாக அப்படித்தான். 2020இல் நேஷனல் டிரஸ்டே ஓர் அறிக்கை வெளியிட்டு, தன் பொறுப்பில் உள்ள 93 இடங்களுக்குக் காலனி ஆட்சியோடும் அடிமை வணிகத்தோடும் தொடர்பு உண்டென்று பெயர் குறித்துச் சொன்னது. இங்கே பெரிய சண்டையே நடந்தது. சொன்னது சரி என்பது என் கட்சி.

கேட்டவர் தூத்துக்குடிக்காரர் என்பதால் ஒன்றைச் சொல்கிறேன். தூத்துக்குடிக்கு வடக்கே, ராமேசுவரத்துக்கு அப்பால் இருக்கிற கடலுக்குப் பாக் நீரிணை என்று ஏன் பெயர்? ராபர்ட் பாக். டெவன் மாவட்டத்து ஆஷ்பர்ட்டனில் பிறந்தவர். கடலூர் புனித டேவிட் கோட்டைக்குப் பாதிரியாராக வந்தார். பாதிரி வேலையை விட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் ஏறி, 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராக இருந்தார். பெருஞ்செல்வத்தோடு ஊர் திரும்பி 1769இல் எக்ஸிடர் நகருக்குப் பக்கத்தில் ஹால்டன் ஹவுஸ் என்ற மாளிகையை வாங்கினார். அந்த மாளிகையின் பெரும்பகுதியை 1920களில் இடித்துவிட்டார்கள். எஞ்சிய ஒரு பக்கக் கட்டடம் பின்னாளில் ஹோட்டலானது.

மலைமேல் இன்னும் ஒன்று நிற்கிறது. ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ், திருச்சி முற்றுகைகளில் கம்பெனிப் படையை நடத்தியவர், பாக்கின் உற்ற நண்பர். 1775இல் இறக்கும்போது தன் சொத்தைப் பாக்கின் பிள்ளைகளுக்கு எழுதிவைத்தார். அவர் நினைவாகப் பாக் 1788இல் கட்டிய முக்கோண வெள்ளைக் கோபுரம் அது. உள்ளே ரோமானியத் தளபதி உடையில் லாரன்ஸின் ஆளுயரத்தை மிஞ்சிய சிலை. திருச்சியில் நடந்த போருக்கு டெவன் மலைமேல் ரோமானிய வேடம்!

இதை அறிந்த பிறகும் போகத்தான் வேண்டும் என்பேன். போகாமல் இருந்தால் அந்தக் கதையை அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. அறையில் வைத்திருக்கும் வரலாற்றுத் துண்டுப் பிரசுரத்தில் 'இந்தியாவில் பொருளீட்டினார்' என்று ஒரே வரியில் முடித்திருந்தால், எங்கே, யாரிடமிருந்து, எப்படி என்று கேளுங்கள். நான் கேட்பேன். சில மேலாளர்களுக்கு முகம் சுருங்கும். ஒருவர் மட்டும் உட்கார்ந்து முழுவதையும் குறித்துக்கொண்டார். அடுத்த பதிப்பில் சேர்ப்பதாகச் சொன்னார். சேர்த்தாரா என்று பார்க்கப் போவேன்.

பிப்ரவரி 17

தங்காமல் பிற்பகல் தேநீருக்கு மட்டும் போகலாமா என்று கேட்டவருக்கு: போகலாம், பெரும்பாலான மாளிகைகளில் வெளியாருக்கும் உண்டு. ஒரு வாரம் முன்பே இடம் சொல்லிவைக்க வேண்டும். சைவ சாண்ட்விச் வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ரயிலில் போகிறவர்கள் திரும்புவதற்கான டாக்சியையும் காலையிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். கிராமத்து நிலையங்களில் மாலை ஆறு மணிக்குமேல் பஸ்ஸும் கிடையாது, தெருவில் கை காட்டி நிறுத்தும் வண்டியும் கிடையாது.